சொற்போர் விழையாத டார்வின்

புதுக் கருத்தால் உலகை உலுக்கியோர் யாவரும் சொற்போரில் வேட்கையுடையர் என எண்ணுவது நம் இயல்பு. சார்லஸ் டார்வின் அத்தகையரல்லர். பூசலுக்கு அஞ்சி ஒதுங்கும் அவர்க்கு, அவ்வியல்பு நன்மையும் தீமையும் ஒருங்கே தந்த வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அவர் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் இங்கிலாந்து தேசத்து ஷ்ரூஸ்பரி நகரில், மருத்துவர் ராபர்ட் டார்வினின் புதல்வராகத் தோன்றினார். கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்ற 1831-ஆம் ஆண்டிலேயே, 'பீகிள்' என்னும் கப்பலிற் கடற்பயணம் செய்யும் வாய்ப்புக் கிட்டியது. தந்தையார் உடன்படவில்லை. மைந்தர் எதிர்வாதம் புரியாது, வர இயலாதெனக் கடிதமும் எழுதிவிட்டார். தாய்மாமனார் ஜோசையா வெட்ஜ்வுட், தந்தையார் கூறிய தடைகளுக்கு ஒவ்வொன்றாக விடையிறுத்து இசைவு பெற்றுத் தந்தார்.

ஆயினும், அறம் குறுக்கிட்டவிடத்து டார்வின் வாய் மூடியிருந்தாரல்லர். 1832-இல் பிரேசில் நாட்டில், கப்பல் தலைவர் பிட்ஸ்ராய் அடிமை முறையை ஆதரித்துப் பேசவே, அவர் துணிந்து மறுத்தார். தலைவர் வெகுண்டார், பின்னர்ச் சினந்தணிந்து தாமே வருத்தம் தெரிவித்தார்.

1839-இல் டார்வின் தம் மாமன் மகள் எம்மாவை மணந்தார். சமயம் பற்றிய ஐயங்களை மனைவியிடம் மறைப்பதே நலமெனத் தந்தையார் அறிவுறுத்தியும், அவர் மணத்திற்கு முன்னரே அவற்றை உரைத்துவிட்டார். பக்தி மிக்க அவ்வம்மையார் தம் கவலையைக் கடிதமாக எழுதித் தந்தார். அதனை அவர் ஆயுள் முழுதும் போற்றி வைத்திருந்தார். கருத்து வேற்றுமை தீரவில்லை, அன்பும் குறையவில்லை.

உயிரினங்களின் தோற்றம் பற்றிய கொள்கையை 1844-இலேயே விரிவாக வரைந்தார். எனினும், தாம் இறப்பின் அதனை அச்சிட 400 பவுன் செலவிடுமாறு மனைவியார்க்கு எழுதி வைத்து, ஏட்டைப் பேணி வைத்தாரேயன்றி வெளியிட்டாரல்லர். சான்று இன்னும் வேண்டுமென்னும் எண்ணத்தோடு, எதிர்ப்பு மூளுமென்னும் அச்சமும் கலந்திருந்தது. 1858-இல் வாலஸ் என்பார் அதே கருத்தைத் தாமே கண்டு எழுதியனுப்பவே, டார்வின் திகைத்தார். நண்பர்கள் முயற்சியால் இருவர் எழுத்துக்களும் ஜூலை 1-ஆம் நாள் லண்டன் லின்னேயன் கழகத்தில் ஒருங்கே படிக்கப்பெற்றன. மறு ஆண்டு அவரது பெருநூல் வெளிவந்தது.

அந்நூலில், தம் கொள்கைக்கு எழத்தக்க தடைகளைப் பிறர் கூறுமுன் தாமே ஓர் அதிகாரத்தில் எடுத்துரைத்தார். 1860-இல் ஆக்ஸ்பர்டில் நிகழ்ந்த புகழ்பெற்ற வாதத்திற்கு, உடல்நலிவால் அவர் செல்லவில்லை. ஹக்ஸ்லியும் ஹூக்கரும் அவர்பொருட்டு வாதாடினர்.

1880-இல் சாமுவேல் பட்லர் என்னும் எழுத்தாளர் பத்திரிகையிற் குற்றஞ்சாட்டியபோது, டார்வின் விடை வரைந்தும், உற்றார் சொற்கேட்டு அதனை வெளியிடாது விடுத்தார். உண்மையில் நேர்ந்தது கவனக்குறைவே. அவ்விளக்கம் 1911-இல் வெளிப்பட்டபோது இருவருமே உயிருடன் இலர். ஒரு சொல்லால் ஆறியிருக்கக்கூடிய புண், மௌனத்தால் ஆறாது நின்றது.

டார்வின் 1882-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் மறைந்து, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கஞ்செய்யப்பெற்றார். பூசலைத் தவிர்த்தல் வேறு. சொல்லவேண்டியதைச் சொல்லாதொழிதல் வேறு. வீட்டிலும் விடுதியிலும் பிறரொடு கூடிவாழும் நாம், முன்னதை அவர்பாற் கற்போமாக. பின்னது நேராவண்ணம் நம்மைக் காப்போமாக.