வாயில்லாச் சீவன்களுக்கு வைத்தியம் தந்த அசோகர்



உங்கள் கையிலுள்ள ஒரு நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள். சிங்க முத்திரை தெரியும். அந்தச் சிங்கங்களின் காலடியிலே, நடுவில் ஒரு சக்கரமும், அதற்கு ஒரு புறம் எருதும், மறு புறம் குதிரையும் உண்டு. 1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி முதல் நம் நாட்டின் முத்திரையாக விளங்கும் இது, காசிக்கு அருகிலுள்ள சாரநாத்தில் அசோகச் சக்கரவர்த்தி நாட்டிய கல்தூணின் சிகரமாகும். சிங்கத்தோடு எருதையும் குதிரையையும் செதுக்கச் செய்த அம்மன்னர், வாயில்லாச் சீவன்களின் நோய்க்கும் மருந்து தேடியவர். கோடை நெருங்கி, நம் வீடுகளில் கோழிகள் நோயில் விழும் இக்காலத்தில் அவருடைய சரித்திரத்தை அறிவது நலம்.

அசோகர், சந்திரகுப்த மௌரியரின் பேரர், பிந்துசாரரின் மைந்தர். கி.மு. 268-ம் ஆண்டளவில் பாடலிபுத்திரத்தில் முடிசூடினார். அந்நகரமே இன்றைய பாட்னா. இளமையில் அவர் மிகக் கொடியவராயிருந்தார் என்று பௌத்த நூல்கள் சொல்லுகின்றன. முடிசூடி எட்டாண்டுகள் ஆனபின், இன்று ஒடிசா எனப்படும் கலிங்க நாட்டின் மீது படையெடுத்தார். அந்த யுத்தத்தில் ஒரு லட்சம் பேர் வெட்டுண்டு மாண்டனர். ஒன்றரை லட்சம் பேர் சொந்த மண்ணிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டனர். அதற்கும் பல மடங்கானோர் பிறகு மடிந்தனர். இந்தக் கணக்கை எழுதி வைத்தது அவருடைய பகைவர்களல்ல. அவரே பாறையில் வெட்டுவித்தார். மன்னர்கள் வழக்கமாய்த் தங்கள் வெற்றியைக் கல்லில் பொறிப்பார்கள். இவரோ தம்முடைய குற்றத்தையும் அதனால் தமக்கு உண்டான மனஸ்தாபத்தையும் ஊரறியப் பொறித்தார்.

மெய்யான மனஸ்தாபம் கண்ணீரோடு நின்றுவிடாது என்பதை நாம் அறிவோம். அசோகருடைய மனமாற்றம் முதலில் அவருடைய சமையலறையில் தெரிந்தது. அங்கே முன்பு கறிக்காக நாள்தோறும் எண்ணற்ற உயிர்கள் கொல்லப்பட்டு வந்தன. அதைக் குறைத்து, இரண்டு மயில், ஒரு மான் என்ற அளவுக்குக் கொண்டு வந்தார். மானும் எல்லா நாளும் இல்லை. இந்த மூன்றும் இனி நிறுத்தப்படும் என்றும் அறிவித்தார். ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டதாக அவர் பெருமை பேசவில்லை. மாறியது எவ்வளவு, மாறவேண்டியது எவ்வளவு என்று ஒளிக்காமல் சொன்னார்.

அடுத்தபடியாக அவர் செய்ததுதான் நமக்கு மிகவும் வேண்டியது. மனிதருக்கு ஒன்று, பிராணிகளுக்கு ஒன்று என இருவகை வைத்தியத்துக்கும் ஏற்பாடு செய்தார். மூலிகைகளும் வேர்களும் கனிகளும் இல்லாத இடங்களுக்கு அவற்றைத் தருவித்து நடச் செய்தார். வழி நெடுகக் கிணறு வெட்டுவித்து, மனிதரும் மிருகங்களும் களைப்பாற மரம் வைத்தார். குஜராத்தில் உள்ள கிர்நார் பாறையிலும் வேறு பல பாறைகளிலும் இச்செய்தி உண்டு. அதிலே, தம் ஆட்சிக்கு வெளியே இந்த வைத்தியம் நடைபெறும் நாடுகளின் பெயர்களையும் அவர் கூறுகிறார். அவற்றுள் ஒன்று பாண்டிய நாடு! அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் நம் பந்தல்குடியும் அடங்கிய இதே பாண்டிய நாடுதான். படை அனுப்பாத நாட்டுக்கு அவர் மருந்து அனுப்பினார்.

முடிசூடிய இருபத்தாறாம் ஆண்டில் இன்னும் சில கட்டளைகள் பிறப்பித்தார். சினையாயிருக்கிற அல்லது பால் கொடுக்கிற ஆட்டையும் பன்றியையும், ஆறு மாதம் நிரம்பாத அவற்றின் குட்டிகளையும் கொல்லக்கூடாது. சேவலுக்கு விதை நீக்கக்கூடாது. உயிர்கள் அடங்கிய உமியைக் கொளுத்தக்கூடாது. ஒரு பேரரசின் சட்டத்தில் குடியானவன் வீட்டுச் சேவலுக்கும் இடம் கிடைத்தது!

கி.மு. 232-ம் ஆண்டளவில் அசோகர் காலமானார். காலப்போக்கில் அவருடைய கல்லெழுத்துகளைப் படிக்க ஆளில்லாமற் போயிற்று. 1837-ம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்செப் என்னும் ஆங்கிலேயர் அவ்வெழுத்துகளின் மர்மத்தை விடுவித்த பிறகே, அம்மன்னரின் உள்ளம் உலகுக்கு மறுபடியும் தெரியவந்தது.

நிற்க, நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். சிறுவனாயிருந்தபோது, தலை தொங்கிப்போன எங்கள் வீட்டுக் கோழியைச் சாக்கில் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோய், நல்ல கோழியென்று சொல்லி விற்று வந்தவன் நான். வாங்கியவர் ஓர் ஏழை அம்மாள். அவர் வீட்டிலிருந்த மற்றக் கோழிகள் என்னவாயினவோ என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது. ஆகவே பிறரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

வெள்ளைக்கழிச்சல் கண்டுவிட்டால் அதைத் தீர்க்க மருந்து கிடையாது. வராமல் தடுப்பதுதான் வழி. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசியும் போட வேண்டும். இதற்கு அரசாங்கக் கால்நடை மருந்தகத்தை நாடுங்கள். சோர்ந்து நிற்கும் கோழியை உடனே வேறு பஞ்சாரத்தில் தனியே கவிழ்த்து வையுங்கள். அதன் தண்ணீர்ச் சட்டியும் தனியாயிருக்கட்டும். அதை விற்கவும் வேண்டாம். அறுத்துக் கறியாக்கவும் வேண்டாம். செத்ததைக் குப்பையிலோ ஊருணிக் கரையிலோ எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். உங்கள் கோழியின் நோய் அடுத்த வீட்டாரின் நஷ்டமாகாதிருப்பது நீதியைச் சேர்ந்தது.

முட்டை விட்டுப்போன கிழட்டுக் கோழி உயரத்தில் ஏறி அடைய முடியாமல் தவிக்கும். அதற்குத் தாழ்வான இடமும் குருணையும் கொடுத்தால் போதும். கண் மங்கிய வீட்டு நாயை வெளியூர்ச் சாலையில் விட்டு வருவது நன்றிகெட்ட செயல். பத்து வருஷம் அது உங்கள் வாசலைக் காத்தது. கடைசி இரண்டு வருஷம் உங்கள் திண்ணை அதைக் காக்கட்டும். எல்லா நாய்க்கும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவது, அந்தத் திண்ணையில் விளையாடும் உங்கள் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

பேரரசர் பெரிய அளவில் செய்ததை நாம் சிறிய அளவில் செய்யலாம். நம் கரிசல் பூமியில் தண்ணீரின் அருமை தெரியாதவர் யார்? குடம் குடமாய்ச் சுமந்து வரும் தாய்மாரிடம் கேட்கத் தயக்கமாய்த்தான் இருக்கிறது. ஆயினும் இன்று முதல் வீட்டு நிழலில் ஒரு மண்சட்டித் தண்ணீர் வையுங்கள். அதைத் தினமும் கழுவி நிரப்பும் வேலையை வீட்டின் கடைக்குட்டிக்குக் கொடுங்கள். இரக்கம் அந்தப் பிள்ளைக்குக் கைப்பழக்கமாகிவிடும்.

உங்கள் பங்குச் சாமி