பிறழ்வுகளைக் கணக்கிட்டவர், புற்றுநோயை மறைக்காதவர்: மரபியல் அறிஞர் ஹால்டேன்

புதுதில்லி, நவ. 30: மனித மரபணுவில் பிறழ்வு எத்தனை பேரில் ஒருவருக்கு நேர்கிறது என்பதை முதன்முதலில் கணக்கிட்ட அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன், மலக்குடல் புற்றுநோய்க்கு இரையாகி 1964 டிசம்பர் 1-ம் தேதி புவனேசுவரத்தில் காலமானார். பிரிட்டனில் பிறந்த அவர், இந்தியக் குடிமகனாகவே மறைந்தார்.

1892-ல் ஆக்ஸ்போர்டில் பிறந்த ஹால்டேன், அறிவியலில் பட்டம் பெறாதவர். கணிதமும் பண்டைய இலக்கியமுமே அவர் பயின்றவை. முதல் உலகப் போரில் காயமுற்று இந்தியாவில் சிகிச்சை பெற்றபோது இந்நாட்டின் மீது பற்று கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜிலும் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியிலும் பணியாற்றினார்.

ரத்தம் உறையாமை நோயை ஆராய்ந்து, ஒரு தலைமுறையில் ஏறத்தாழ 50 ஆயிரத்தில் ஒரு மரபணுவில் புதிய பிறழ்வு தோன்றுகிறது என 1935-ல் மதிப்பிட்டார். முதுமையை நெருங்கும்போது வெளிப்படும் பரம்பரை நோய்களை இயற்கைத் தேர்வு எளிதில் களைவதில்லை என்றும் சுட்டிக்காட்டினார். நோய் தலைகாட்டும் முன்பே பிறழ்வு அடுத்த தலைமுறைக்குச் சென்றுவிடுவதே காரணம்.

பெருங்குடல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் பரம்பரைப் பிறழ்வுகளுக்கும் இது பொருந்தும். குடலில் நூற்றுக்கணக்கான கட்டிகளைத் தோற்றுவிக்கும் 'ஏபிசி' மரபணு 1991-ல் கண்டறியப்பட்டது. லிஞ்ச் நோய்க்குறிக்குக் காரணமான மரபணுக்கள் 1993-லிருந்து ஒவ்வொன்றாக அடையாளம் காணப்பட்டன. டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது நேரும் பிழைகளைத் திருத்துவதே இவற்றின் பணி. அப்பணி தடைபட்டால் பிழைகள் குவிந்து புற்றுநோய் உருவாகிறது. பெற்றோரில் ஒருவரிடம் இப்பிறழ்வு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு 50 சதவீதம். எனினும் பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை பரம்பரையாக வருவன அல்ல.

மார்க்சியவாதியான ஹால்டேன், பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளேட்டில் ஆசிரியர் குழுத் தலைவராக இருந்தவர். சோவியத் ஒன்றியத்தில் லைசென்கோவின் கொள்கை மரபியலை நசுக்கிய காலத்தில் கட்சியிலிருந்து விலகினார். 1956-ல் சூயஸ் கால்வாய்ப் பிரச்னையில் பிரிட்டன் படையெடுத்ததைக் கண்டித்து, 1957-ல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் இந்தியாவில் குடியேறினார். பேராசிரியர் மகாலனோபிஸ் தலைமையிலான கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். கதர் அணிந்தார்; புலால் துறந்தார்.

ஆனால் எவருக்கும் வளைந்து கொடுக்கும் இயல்பு அவருக்கில்லை. அமெரிக்க மாணவர்களுக்குத் தாம் அளிக்கவிருந்த விருந்து ரத்தானதைக் கண்டித்து 1961-ல் உண்ணாவிரதம் இருந்தார். அதே ஆண்டு நிறுவனத்திலிருந்து விலகினார். மத்திய அரசு வாக்களித்த ஆய்வுப் பிரிவு சிவப்பு நாடாவில் சிக்கித் தாமதமாகவே, ஒரிசா முதல்வர் பிஜு பட்நாயக்கின் அழைப்பை ஏற்று 1962-ல் புவனேசுவரம் சென்றார். அங்கே மாநில அரசின் ஆதரவில் மரபியல் ஆய்வுக்கூடம் அமைந்தது. ஆந்திரத்தில் உறவுமுறைத் திருமணங்களின் விளைவு குறித்த ஆய்வுகளையும் அவர் ஊக்குவித்தார்.

1964 தொடக்கத்தில் லண்டனில் அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. புற்றுநோய் என்ற சொல்லையே உரக்க உச்சரிக்கத் தயங்கிய காலம் அது. அவரோ மருத்துவமனையில் இருந்தபடியே தம் நோயைப் பற்றி நகைச்சுவைக் கவிதை எழுதி இதழில் வெளியிட்டார். அறிகுறி தெரிந்ததும் வெட்கப்படாமல் மருத்துவரை நாட வேண்டும் என்பதே அதன் சாரம்.

அந்த அறிவுரைக்கு இன்று மேலும் வலுச் சேர்ந்திருக்கிறது. குடும்பத்தில் பலருக்கோ, 50 வயதுக்கு முன்போ இந்நோய் வந்திருந்தால் மரபணுச் சோதனை செய்துகொள்ளலாம். பிறழ்வு உள்ளவர்கள் முறையாகக் குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்துவந்தால், கட்டிகளைப் புற்றாக மாறும் முன்பே அகற்ற இயலும். ஆனால் உறவினரின் நோயை வீட்டார் மறைத்தால், அடுத்த தலைமுறைக்கு அந்த எச்சரிக்கை கிட்டாது.

ஹால்டேன் இறந்த பிறகும் எதையும் மறைத்து வைக்கவில்லை. அவரது விருப்பப்படி, மாணவர்களின் பயிற்சிக்காக அவரது உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது.