இசைத் தொண்டர் யோவாகிம்

இசைக் கருவி வாசிப்போருள் இரு திறத்தினர் உண்டு. தம் கைத்திறனை உலகம் வியத்தல் வேண்டும் என்று வாசிப்போர் ஒரு திறத்தினர். இசையை ஆக்கியோனின் உள்ளக் கருத்துக் கேட்போர்க்குப் புலனாதல் வேண்டும் என்று வாசிப்போர் மற்றொரு திறத்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் முதல் திறத்தினர்க்கே ஆரவாரமான வரவேற்பு இருந்தது. இரண்டாம் நெறியைத் தம் வாழ்நாள் முழுதும் போற்றி, அதனைப் பிறர்க்கும் பயிற்றியவர் யோசேப்பு யோவாகிம். அவர் வயலின் வல்லுநர், பல கருவிகள் ஒருங்கிசைக்கும் பல்லியக் குழுவை நடத்திய தலைவர், நல்லாசிரியர்.

இளமையும் கல்வியும்

யோவாகிம் 1831ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள், அந்நாளில் அங்கேரி நாட்டைச் சேர்ந்திருந்த கிட்சே என்னும் சிற்றூரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று ஆசுத்திரியா நாட்டில் உள்ளது. தந்தையார் கம்பளி வணிகர். குடும்பத்தார் பின்னர்ப் பெசுட்டு நகரிற் குடியேறினர். அங்கே வயலின் பயின்ற சிறுவர், 1839இல், ஏழாம் வயதில், முதன்முறையாக மேடை ஏறினார்.

மேற்பயிற்சிக்காக அவரை வியன்னாவுக்கு அனுப்பினர். அங்கே ஓர் இடையூறு நேர்ந்தது. சிறுவரின் வலக்கை வில்லை இழுக்கும்போது விறைத்து நிற்கிறது என்றும், அவர் சிறந்த வயலினாளர் ஆவது அரிது என்றும் ஆசிரியர் ஒருவர் கருதினார். பெற்றோர் மனந்தளர்ந்து, மகனைத் திருப்பி அழைத்துக்கொள்ளவும் எண்ணினர். அவ்வேளையில் எர்ன்சுட்டு என்னும் புகழ்பெற்ற வயலினாளர், பேம் என்னும் ஆசிரியரிடம் அவரை ஒப்படைக்குமாறு அறிவுறுத்தினார். பேம் அவரைத் தம் இல்லத்திலேயே வைத்துப் பயிற்றினார். குறையுடையது எனப்பட்ட கையே பிற்காலத்தில் ஐரோப்பா முழுதும் போற்றிய கையாயிற்று.

மெண்டல்சனின் அரவணைப்பு

1843இல் யோவாகிம் செருமனியின் இலைப்சிக்கு நகரை அடைந்தார். அங்கிருந்த இசைமேதை மெண்டல்சன் சிறுவரின் திறத்தைத் தாமே ஆராய்ந்தார். இசைப்பயிற்சி மட்டும் போதாது, பொதுக் கல்வியும் வேண்டும் என்பது அவர் முடிவு. அதற்கேற்பச் சிறுவர் மொழியும் பிற பாடங்களும் கற்றார்.

1844ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் இலண்டனில் ஓர் அரிய நிகழ்ச்சி நடந்தது. பீத்தோவன் 1806இல் இயற்றிய வயலின் இசைக்கோவை பல ஆண்டுகளாக மக்கள் கருத்தில் நில்லாது கிடந்தது. பதின்மூன்று வயதும் நிரம்பாத யோவாகிம் அதனை வாசிக்க, மெண்டல்சன் பல்லியத்தை நடத்தினார். அவைக்களம் ஆரவாரித்தது. மறக்கப்பட்டிருந்த ஒரு படைப்பு அன்று முதல் மறுவாழ்வு பெற்றது. பாக் என்னும் இசைப்புலவர் தனி வயலினுக்கு இயற்றியவற்றையும் யோவாகிம் பிற்காலத்தில் மேடைதோறும் வாசித்துப் பரப்பினார்.

அரசவையில் காட்டிய நேர்மை

மெண்டல்சன் 1847இல் மறைந்தார். யோவாகிம் வைமார் நகரில் லிசுட்டு என்னும் இசைத்தலைவரிடம் சிலகாலம் பணிபுரிந்து, 1853இல் ஆனோவர் அரசவையிற் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே, பெயர் அறியப்படாத இருபது வயது இளைஞராய் இருந்த பிராம்சு அவரைக் காண வந்தார். அவ்விளைஞரின் இசையிற் பேராற்றலைக் கண்ட யோவாகிம், சூமான் என்னும் பெரும்புலவரிடம் செல்லுமாறு அவரை ஊக்கினார். பிராம்சின் புகழுக்கு அதுவே தோற்றுவாய் ஆயிற்று.

ஆனோவரில் அவர் உயர்ந்த பதவியும் மன்னரின் அன்பும் பெற்றிருந்தார். ஆயினும், பல்லியக் குழுவிலிருந்த தகுதி மிக்க ஒருவருக்கு, யூதராய்ப் பிறந்தார் என்பதொன்றையே காரணமாகக் காட்டிப் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது, யோவாகிம் அதனைப் பொறுத்திலர். தாம் 1855இல் கிறித்தவ சமயம் சார்ந்திருந்தும், இஃது அநீதி என்று கருதி, 1865இல் அப்பதவியைத் துறந்தார். கலைக்குப் பிறப்பு வேறுபாடு இல்லை என்பதைத் தம் செயலாற் காட்டினார்.

ஆசிரியப் பணி

1869இல் பெர்லினில் அரசு உயர் இசைப்பள்ளி தொடங்கப்பெற்றது. யோவாகிம் அதன் தலைவரானார். இறுதிவரை அதனைப் பேணினார். மாணவர்களின் பல்லியக் குழுவைத் தாமே நடத்தினார். பாடம் சொல்லுங்கால் நீண்ட விளக்கம் தருவதை விடத் தம் வயலினை எடுத்து வாசித்துக் காட்டுவதே அவர் வழக்கம். அவரிடம் பயின்ற ஆவர் உருசிய நாட்டிலும், ஊபாய் அங்கேரியிலும் பெயர்பெற்ற ஆசிரியர்களாய்த் திகழ்ந்தனர். அவ்வாண்டிலேயே நால்வர் குழு ஒன்றையும் யோவாகிம் அமைத்தார். அது 1907 வரை நிலைத்தது.

முறிந்த நட்பும் இணைந்த இசையும்

பிராம்சு இயற்றிய வயலின் இசைக்கோவை 1879ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் இலைப்சிக்கில் அரங்கேறியது. வாசித்தவர் யோவாகிம், பல்லியத்தை நடத்தியவர் பிராம்சு. இத்துணை நெருங்கிய நட்பும் ஒருகால் முறிந்தது. யோவாகிம் தம் மனைவியார்மீது காரணமின்றி ஐயங்கொண்டார். பிராம்சு, அவ்வம்மையார் பக்கமே நீதி இருப்பதாக அவருக்குக் கடிதம் எழுதினார். அதனால் நண்பர் இருவரும் பேச்சை நிறுத்தினர். பெரியோரும் சினத்தால் தவறுவர் என்பதற்கு இஃது ஒரு சான்று. எனினும், பிராம்சின் படைப்புகளை மேடையில் வாசிப்பதை யோவாகிம் விட்டாரல்லர். 1887இல் பிராம்சு, வயலினுக்கும் செல்லோ என்னும் பெரிய நரம்புக் கருவிக்கும் பொருந்துமாறு இணைக்கோவை ஒன்றை இயற்றி, நண்பரை நாடினார். கொலோன் நகரில் அவ்விருவரும் மீண்டும் ஒரே மேடையில் நின்றனர்.

இறுதிக் காலம்

யோவாகிம் மேடை ஏறிய அறுபதாம் ஆண்டு விழா 1899இல் பெர்லினில் நடைபெற்றது. மாணவர் பலர் பல்லியத்தில் அமர்ந்திருந்தனர். அவர்கள் வேண்ட, முதியவர் வயலினை ஏந்தி, இளமையில் இலண்டனில் வாசித்த அதே பீத்தோவன் கோவையை வாசித்தார். 1903இல் அவர் வாசிப்புச் சில இசைத்தட்டுகளில் பதிவு செய்யப்பெற்றது. 1907ஆம் ஆண்டு ஆகத்து 15ஆம் நாள் அவர் பெர்லினில் மறைந்தார்.

யோவாகிம் தாமும் இசைக்கோவைகள் இயற்றியவரே. ஆயினும், பிறர் படைப்புகளுக்கு உயிரூட்டியதனாலேயே பெரும்புகழ் எய்தினார். தம்மைப் பின்னிறுத்தித் தம் கலையை முன்னிறுத்துவோரின் பெயரை அக்கலையே காத்து நிற்கும் என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகின்றது.