குன்னூர் எலிகளும் ஒரு டாக்டரும்

1878-ல் அயர்லாந்தில் பிறந்த சர் ராபர்ட் மெக்காரிசன், இந்திய மருத்துவப் பணிக்கு வந்தவர். கில்கிட் மலைக் கிராமங்களில், கழுத்துக் கழலை உள்ள தாய்மாருக்கு ஊமையாய், புத்தி வளராத குழந்தைகள் பிறப்பதைக் கண்டார். அசுத்தத் தண்ணீரைச் சந்தேகித்தார். அயோடின் குறைவே முக்கியக் காரணம் என்பது பின்னாளில் உறுதியானது.

பிறகு நம்ம குன்னூரில் ஆய்வுக்கூடம் நடத்தினார். எலிக்குட்டிகளை இரண்டாகப் பிரித்தார். சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி தின்றவை சாதுவாய் வளர்ந்தன. வெள்ளை ரொட்டி, மார்ஜரின், ஜாம், சர்க்கரை டீயில் வளர்ந்தவையோ ஆளைக் கடித்தன. 60-ஆம் நாள் வாக்கில் நோஞ்சான்களைக் கொன்றே தின்றன!

1935-ல் ஓய்வு பெற்றார், 1960-ல் மறைந்தார். அந்தக் கூடம்தான் இன்று ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

நண்பர்களே, தாய் தின்பதுதான் பிள்ளைக்கு மூளை. மாசமா இருக்கிற அக்கா வீட்டில் அயோடின் உப்புதானா? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க!