ஒரு தேர்வும் ஒரு நூலும்

பெருமரமும் சிறு வித்திலிருந்தே முளைக்கிறது. போதிசத்துவர் பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் வாழ்விலும் அத்தகைய வித்தொன்று உண்டு. அது ஒரு பள்ளித் தேர்வின் முடிவு.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பிறந்த பீமராவ், சுபேதார் ராம்ஜி சக்பாலின் பதினான்காம் மகவு. பள்ளியில் அவர் ஏனைய பிள்ளைகளோடு அமரலாகாது; தாம் கொண்டுசென்ற கோணியின்மீது தனியே அமர்ந்தார். தாகமெடுப்பின் குழாயைத் தொடலாகாது. பணியாள் வந்து திறந்துவிட்டாலன்றித் தண்ணீர் இல்லை. இந்நிலையில் அவர் தேர்வில் தேறுவார் என்று ஊரார் யாரும் எதிர்பார்த்திரார்.

ஆயினும் தேறினார். பலர் இதனை 1907ஆம் ஆண்டின் மெட்ரிகுலேஷன் வெற்றியாகக் கூறுவர். அண்ணலோ, 1956இல் தாம் எழுதிய முன்னுரையொன்றில், ஆங்கிலம் நான்காம் வகுப்புத் தேர்வென்றே குறிக்கிறார். நாம் அவர் எழுத்தையே பின்பற்றுவோம். பிற வகுப்பாருக்கு இது கொண்டாடத்தக்க செய்தியன்று. ஆனால் தம் குலத்தில் அவ்வளவு தூரம் எட்டிய முதற்சிறுவன் அவரே என்பதால், அம்மக்களுக்கு அது வானத்தைத் தொட்ட வியப்பாயிருந்தது. பொதுக்கூட்டம் கூட்டிப் பாராட்ட விரும்பினர்.

தந்தையார் இசையவில்லை. ஒரு தேர்வில் தேறியதற்கே பாராட்டினால் பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று அஞ்சினார். மக்கள் மனந்தளராது, அவர்தம் நண்பரும் மராத்தி எழுத்தாளருமான கேலுஸ்கரை நாடினர். அவர் பரிந்துரைத்த பின்னரே கூட்டம் நடந்தது. அதற்குத் தலைமை தாங்கிய கேலுஸ்கர், தாம் எழுதிய புத்தர் வரலாற்றைச் சிறுவனுக்குப் பரிசாக ஈந்தார்.

பீமராவ் அந்நூலை ஆவலுடன் படித்தார்; உள்ளம் உருகினார். இராமாயண பாரதங்களைப் படிக்கச் செய்த தந்தையாரிடம், புத்தரைப் பற்றிய நூல்களை ஏன் தரவில்லை என்று கேட்டார். உயர்ந்தோரின் பெருமையும் தாழ்த்தப்பட்டோரின் இழிவுமே கூறும் கதைகளை நாம் ஏன் ஓதவேண்டும் என்றும் வினவினார். தந்தையாரின் விடை அவருக்கு மனநிறைவு தரவில்லை. வினாவோ வளர்ந்தது.

பின்னர் எத்தனை தேர்வுகள்! 1912இல் பி.ஏ.; 1915இல் நியூயார்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. 1916இல் இலண்டன் கிரேஸ் இன்னில் சட்ட மாணவராய்ச் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்பினார். 1920இல் மீண்டும் சென்று, 1922இல் பாரிஸ்டரானார். ஆயினும் இப்பட்டங்கள் எவையும் அந்தப் பழைய நூலை அவர் நெஞ்சினின்று அகற்றவில்லை.

நம் தமிழகத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. சென்னைப் பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் வெளியிட்ட பௌத்த சாரம் பற்றிய ஆங்கில நூலை, 1948இல் அண்ணலே முன்னுரை எழுதி மீண்டும் பதிப்பித்தார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் சூழத் தம்மத்தில் சரணடைந்தார். சிறுவயதில் விழுந்த வித்து அன்று நிழல்தரும் போதிமரமாயிற்று.

அன்பர்களே! நம் பிள்ளைகள் தேர்வில் தேறுங்கால் நாம் மகிழ்கிறோம். இனிப்பு வழங்குகிறோம், மாலை சூட்டுகிறோம். இனிப்பு அன்றே தீரும்; மாலை மறுநாள் வாடும். நூலோ வாழ்நாள் முழுதும் உடன்வரும். மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கும் அதைக் கொடுப்போம்; எந்நிலத்தில் எவ்வித்து முளைக்கும் என்பதை யார் அறிவார்? அந்த எளிய மக்கள் தந்தையின் மறுப்புக்கும் அஞ்சாது மகிழ்ந்திராவிடில், அந்நூல் அச்சிறுவன் கையை அடைந்திராது என்பதை நாம் மறவாதிருப்போமாக.

நமோ புத்தாய!