எண்ணெய் ஆறுகளின் மைந்தன் ஐசாக் அடாகா போரோ

எண்ணெய் வளம் என்றதும் மணற்காடும் ஒட்டகமும் அரபு மன்னர்களுமே நம் மனக்கண்முன் தோன்றுவர். நீரும் சேறும் கண்டற்காடுமாய்க் கிடக்கும் எண்ணெய் நாடு ஒன்றும் உலகில் உண்டு. மேற்காபிரிக்காவின் பேராறான நைஜர், கடலைச் சேருமுன் பற்பல கிளைகளாய்ப் பிரிந்து பாயும் கழிமுகமே அது. நைஜீரியாவின் தென்கோடியிலுள்ள அந்நிலத்தில், படகையே காலாகக் கொண்டு மீன்பிடித்து வாழ்ந்தவர்கள் இஜோ மக்கள். அவ்வினத்திற் பிறந்து, முப்பது வயது நிரம்புமுன் மாண்ட ஒருவரின் வரலாறு இது.

நிலத்தடி எண்ணெய் கண்டறியப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே ஐரோப்பியர் இப்பகுதியை 'எண்ணெய் ஆறுகள்' என்று அழைத்தனர் என்பது வியப்புக்குரியது. அந்நாளில் அச்சொல் செம்பனை எண்ணெயைக் குறித்தது. சவர்க்காரம் செய்யவும் இயந்திரங்களுக்கு இடவும் பிரித்தானிய வணிகர் அதனை வாங்கிச் சென்றனர். 1886 இல் அரச பட்டயம் பெற்ற றோயல் நைஜர் கம்பனி, ஆற்று வணிகத்தைத் தன் கைக்குள் அடக்கியது. பாட்டன் பூட்டன் காலந்தொட்டுச் சென்றுவந்த சந்தைகளுக்கே கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டிய நிலை, இஜோ இனத்தின் ஒரு கிளையினரான நெம்பே மக்களுக்கு நேர்ந்தது. 1895 சனவரியில் அவர்தம் மன்னர் கோக்கோ போர்ப்படகுகளைத் திரட்டி, அக்காசாவிலிருந்த கம்பனியின் தலத்தைத் தாக்கினார். அடுத்த மாதமே பிரித்தானியக் கடற்படை நெம்பே நகரை அழித்தது. இம்முன்கதையை அறியாதார்க்குப் போரோவின் செயல் வெறும் இளமைத் துடிப்பாகவே தோன்றும்.

ஐசாக் அடாகா போரோ 1938 செப்டெம்பர் 10 ஆம் நாள் ஒலோய்பிரி என்னும் சிற்றூரிற் பிறந்தார். குடும்பத்தின் சொந்த ஊர் கயாமா. தந்தையார் ஒலோய்பிரிப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தமையால் மகன் அங்கே பிறக்க நேர்ந்தது. 1956 இல், போரோவுக்குப் பதினேழு வயதாயிருக்கையில், அதே ஒலோய்பிரியில் வணிக அளவிலான எண்ணெய்க் கிணறு நைஜீரியாவிலேயே முதன்முதலாகத் தோண்டப்பட்டது. ஷெல் கம்பனியின் குழாய்கள் கண்டற்காட்டை ஊடறுத்தன. 1958 இல் எண்ணெய் கப்பலேறிற்று. விளக்கின் அடியில் இருள் என்பார்களே, அதுபோல் எண்ணெய் தந்த ஊர் மின்விளக்கின்றிக் கிடந்தது.

போரோ சிலகாலம் ஆசிரியராயும் பின்னர் காவற்றுறையினராயும் பணியாற்றிவிட்டு, நசுக்கா பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்றார். அங்கு மாணவர் ஒன்றியத் தலைவராகவும் தெரிவு செய்யப்பட்டார். அக்காலத்து அரசியல் அமைப்பைப் பெற்றோர் மட்டுமன்றி மாணவரும் கவனித்தல் நன்று. பிரித்தானியர் நாட்டை மூன்று பெரும் பிராந்தியங்களாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பேரினம் கோலோச்சும்படி வகுத்திருந்தனர். கழிமுகத்தின் பெரும்பகுதி இக்போ இனத்தவர் பெரும்பான்மையாயிருந்த கிழக்குப் பிராந்தியத்திற் சேர்க்கப்பட்டது. சிறுபான்மையினரின் அச்சங்களை ஆராய 1957 இல் நியமிக்கப்பட்ட வில்லிங்க் ஆணைக்குழு, அவ்வச்சங்கள் மெய்யானவை என ஏற்றது. எனினும் தனி மாநிலம் தேவையில்லை என்று கூறிவிட்டது. 1960 இல் நாடு விடுதலை பெற்றபோது, எண்ணெய் உரிமைப்பணத்திற் பாதி அது கிடைத்த பிராந்தியத்துக்குரியது என விதி செய்யப்பட்டது. நல்ல விதியே! ஆனால் அப்பணம் சேர்ந்த இடம் பிராந்தியத் தலைநகரான எனுகு. கழிமுகத்துச் சேற்றூர்கள் அல்ல.

1966 சனவரி 15 இல் இராணுவப் புரட்சி வெடித்தது. தலைமை அமைச்சர் பலேவா கொல்லப்பட்டார். இக்போ இனத்தவரான தளபதி இறொன்சி ஆட்சிக்கு வந்தார். இனிப் பேச்சால் எதுவும் கிட்டாதெனப் போரோ முடிவு செய்தார். நைஜர் கழிமுகத் தொண்டர் படை என்ற பெயரில் ஏறத்தாழ நூற்றைம்பது இளைஞரைத் திரட்டி, தெயிலர் ஓடைக் காட்டில் பயிற்சி அளித்தார். பெப்ரவரி 23 இல் அவர்கள் யெனகோவா காவல் நிலையத்தைத் தாக்கி ஆயுதங்களைக் கவர்ந்தனர். எண்ணெய்க் குழாய்களைத் தகர்த்தனர். கழிமுகம் தனிக் குடியரசு என அறிவித்த போரோ, பழைய எண்ணெய் ஒப்பந்தங்கள் யாவும் செல்லா என்றும், கம்பனிகள் இனித் தம் அரசுடனேயே பேசவேண்டும் என்றும் விதித்தார். அறிவிப்பின் உயிர்நாடி இப்பகுதியே எனலாம். மன்னர் கோக்கோ சந்தைக்காகச் செய்த போரை, எழுபத்தோராண்டின் பின் போரோ கிணற்றுக்காகச் செய்தார்.

அக்குடியரசு பன்னிரண்டு நாட்களே நிலைத்தது. நடுவண் படைகள் ஓடைகளைச் சூழ்ந்துகொண்டன. போரோவும் அவர்தம் தோழர்களான சாமுவேல் ஒவொனாரோ, நொட்டிங்ஹாம் டிக் ஆகியோரும் பிடிபட்டுத் தேசத்துரோகக் குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பெற்றனர். பொதுமக்களைப் போதியவாறு ஆயத்தம் செய்யாது சிறுபடையை மட்டும் நம்பியது அவரின் பெருங்குறை என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

ஆனால் காலம் விரைவிற் புரண்டது. இறொன்சியும் அதே ஆண்டிற் கொல்லப்பட, கோவொன் ஆட்சித் தலைவரானார். 1967 மே 27 இல் அவர் நாட்டைப் பன்னிரண்டு மாநிலங்களாகப் பிரித்தார். கழிமுக மக்களுக்கு 'ஆறுகள் மாநிலம்' என ஒன்று கிடைத்தது. மூன்று நாட்களில் கிழக்குப் பிராந்தியம் பியாஃப்ரா என்ற பெயரிற் பிரிந்தது. உள்நாட்டுப் போர் மூண்டது. கோவொன் அரசு போரோவை மன்னித்து விடுவித்தது. தூக்குமேடையை எதிர்நோக்கியிருந்தவர், எந்த நாட்டிலிருந்து பிரிய முயன்றாரோ அந்நாட்டுப் படையிலேயே மேஜர் ஆனார்! இதனைக் கொள்கை மாற்றம் எனக் குறைகூறுவாரும் உளர். தம் மக்களுக்கு ஒரு மாநிலம் வேண்டும் என்பதே அவர் நோக்கம். அம்மாநிலத்தைப் பாதுகாக்க அவர் போருக்குச் சென்றார். இதில் முரண் யாதுமில்லை.

1968 மே மாதத்தில், ஒக்ரிகாவுக்கு அண்மையிலுள்ள ஒகு என்னுமிடத்தில் அவர் கொல்லப்பட்டார். எவ்வாறு இறந்தார் என்பது பற்றிப் பலவாறு பேசப்படுகிறது. கழிமுகத்தின் பெருநகரான போர்ட் ஹார்க்கோர்ட் நடுவண் படையிடம் வீழ்ந்ததும் அதே மாதத்திற்றான்.

அவர் இறந்த மறு ஆண்டில், போர் ஓயுமுன்னரே, நாட்டின் எண்ணெய் முழுவதும் நடுவண் அரசுக்கே உரியது எனச் சட்டம் இயற்றப்பட்டது. எனுகுவில் இருந்த பிடி லாகோசுக்கு மாறிற்று, அவ்வளவே. போரோ உயிரோடிருந்து அச்சட்டத்தைக் கண்டிருந்தால் மீண்டும் ஓடைக் காட்டுக்குத் திரும்பியிருப்பாரோ என எண்ணத் தோன்றுகிறது. சிறுகச் சிறுக உற்பத்தியாகும் மாநிலங்களுக்குரிய பங்கு தேய்ந்தது. 1999 ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதனைப் பதின்மூன்று விழுக்காட்டுக்குக் குறையாமல் வைக்கவேண்டும் என வரையறுத்தது.

போரோவின் தன்வரலாறு 1982 இல் நூலாக வெளிவந்தது. 1998 திசம்பரில் இஜோ இளைஞர்கள் அவரது கயாமாவிலேயே கூடி, தம் மண்ணின் எண்ணெய்க்கு உரிமை கோரிப் பிரகடனம் செய்தனர். அதற்குள் ஒலோய்பிரிக் கிணறு வற்றி மூடப்பட்டிருந்தது. லாகோசில் புதைக்கப்பட்டிருந்த அவரது எச்சங்கள் 2013 இல் தோண்டியெடுக்கப்பட்டு, 1996 இல் உருவான பயெல்சா மாநிலத்தின் தலைநகரில் மீண்டும் நல்லடக்கம் செய்யப்பட்டன. அத்தலைநகர், அவர் காவல் நிலையத்தைத் தாக்கிய அதே யெனகோவா.