ஓடிப்போன ராமானுஜன்



கணித மேதை ராமானுஜனைப் பற்றி எழுதுகிறேன் என்று மலர்க் குழுவில் சொன்னதும், 1729 டாக்ஸி கதைதானே என்று பசங்க கொட்டாவி விட்டார்கள். அது இல்லை. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். நான் எழுதப் போவது அரியர் வைத்த ராமானுஜனைப் பற்றி. வீட்டில் சொல்லாமல் ரயிலேறி ஓடிப்போன ராமானுஜனைப் பற்றி. அதற்கு முன்னால் என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு ஊர் அரியாங்குப்பம். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவன். முதல் செமஸ்டரில் எல்லா பேப்பரும் கிளியர். கணக்கில் 82. அம்மா தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தாங்க. வினை அங்கேதான் ஆரம்பிச்சது. இனிமேல் குறைந்தால் மானம் போய்விடுமே என்ற பயம். ரெண்டாவது செமஸ்டரில் முதல் டெஸ்ட் சரியாக எழுதவில்லை. மறுநாள் காலையில் பஸ் ஏறாமல் அரிக்கமேட்டுப் பக்கம் நடையைக் கட்டினேன். ரோமாபுரி வியாபாரிகள் வந்து போன இடம், 1945-ல் வீலர் துரை தோண்டிப் பார்த்த இடம். எனக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. ஆற்றோரம் ஒரு மரம், கையில் செல்போன், அதில் ஒரு விளையாட்டு. சார்ஜ் தீரும் வரை விளையாடினேன். சாயந்திரம் காலேஜ் பஸ் வருகிற நேரம் பார்த்து வீட்டுக்குள் நுழைந்தேன். ஒரு நாள் என்று நினைத்தேன். மூன்று மாதம் ஓடிப்போச்சு. கணக்குப் பரீட்சை அன்றைக்கும் ஹால் டிக்கெட் சட்டைப் பையில் இருக்க, அதே மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்று அரியர். ரிசல்ட் இன்னும் வரலைன்னு வீட்டில் பொய்.

அந்த நாட்களில் ஒருமுறை மழைக்கு ஒதுங்கி ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குள் போனேன். கையில் அகப்பட்டது ராமானுஜன் வாழ்க்கை வரலாறு. சும்மா புரட்டியவன், 1905 என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம், சாரங்கபாணி சன்னதித் தெரு. அப்பா ஜவுளிக் கடையில் கணக்கர். வருமானம் வாய்க்கும் வயிற்றுக்கும்தான். பையனோ படிப்பில் சூரப்புலி. டவுன் ஹைஸ்கூலில் கணக்குப் பரிசு வாங்கினார். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. குடும்பமே நிமிர்ந்து பார்த்த நேரம் அது.

அந்த நேரத்தில்தான் சறுக்கல். கார் என்பவர் தொகுத்த ஒரு கணக்குப் புத்தகம் அதற்கு முன்பே அவர் கைக்கு வந்திருந்தது. சுமார் ஐயாயிரம் சூத்திரங்கள், பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல். ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்க்க ஆரம்பித்தவருக்கு அதன்பின் வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஆங்கிலம், சமஸ்கிருதம், உடலியல், கிரேக்க ரோமானிய வரலாறு எல்லாம் பாடம்தான். வகுப்பில் உட்கார்ந்திருப்பார், மனசு சிலேட்டில் இருக்கும். ஆங்கிலத்தில் தோல்வி. உதவித்தொகை பறிபோனது. அம்மா கோமளத்தம்மாள் முதல்வரைப் போய்ப் பார்த்தும் பயனில்லை. பருவத்துக்கு 32 ரூபாய் கட்டணம். அந்த வீட்டில் அது பெரிய பணம்.

1905 ஆகஸ்டில் ராமானுஜன் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டார். பையனைக் காணோம் என்று செப்டம்பரில் ஹிந்து பத்திரிகையில் செய்தி வந்தது. வயது 17.

இதைப் படித்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? திறமைக்கும் தப்பித்து ஓடுவதற்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றியது. அவ்வளவு பெரிய மூளைக்கும் இந்த நோய் வருமா! (நீ என்னடா உன்னை ராமானுஜனோடு சேர்க்கிறாய் என்று கேட்பீர்கள். அவருக்குக் கணக்கு அதிகமானதால் அரியர். எனக்குக் கணக்கு குறைந்ததால் அரியர். வித்தியாசம் எனக்குத் தெரியும்.)

சரி, ஒரு முறை பட்டதே போதும் என்று திருந்தினாரா? அதுதான் இல்லை. வீடு திரும்பி, 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டாவது வாய்ப்பு. மூன்று மணி நேரக் கணக்குத் தாளை அரை மணியில் முடித்துவிட்டு எழுந்து போவாராம். உடலியல் தாளிலோ, ஜீரண மண்டலம் பற்றிய கேள்விக்கு, இந்தப் பாடம் எனக்கு ஜீரணமாகவில்லை என்ற பொருளில் ஏதோ எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறார். சிரிப்பு வருகிறது, ஆனால் அவர் வீட்டில் யார் சிரித்திருப்பார்கள்? 1906-ல் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. 1907-ல் மறுபடி எழுதி மறுபடி தோல்வி. கல்லூரிப் படிப்பு அத்தோடு சரி. டியூஷன் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கலாம் என்றால் அங்கேயும் பாடத்தை விட்டுவிட்டு முடிவிலி, நுண்கணிதம் என்று தன் போக்கில் போய்விடுவார். பரீட்சைக்குப் படிக்கிற பையன் எத்தனை நாள் தாங்குவான்?

மேதையை அந்தக் காலக் கல்வி முறை புரிந்துகொள்ளவில்லை என்று மேடையில் பேசுவார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதியையும் சொல்லத்தான் வேண்டும். வாரத்துக்கு நாலு மணி நேரம் சிலேட்டைக் கீழே வைத்திருந்தால் அவர் பாஸ். வைக்க முடியவில்லை. வேண்டாம் என்று தெரிந்தும் கை போகிற இடத்துக்குப் பெயர் பழக்கம். அது கணக்காக இருந்தால் என்ன, செல்போனாக இருந்தால் என்ன?

1909 ஜூலையில் ஜானகியோடு கல்யாணம். மறு வருஷம் ஆரம்பத்தில் உடம்புக்கு ஆபரேஷன். இனி வேலை தேடியே ஆக வேண்டும். 1910 கடைசியில் ராமானுஜன் மறுபடியும் ரயிலேறினார். ஆனால் இந்தத் தடவை போனது வேறு மாதிரி. விழுப்புரத்தில் இறங்கி — நம் புதுச்சேரியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற அதே விழுப்புரம்தான் — திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர், 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். அவர் முன்னால் தன் நோட்டுப் புத்தகங்களைப் பிரித்து வைத்து, ஒரு குமாஸ்தா வேலை கேட்டார்.

என் மனசில் தங்கிப்போன இடம் இதுதான். அதுவரை அவர் யாருக்கும் தெரியாமல் ஓடியவர். இப்போது தன் தோல்வியையும் திறமையையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் நிற்கிறார். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! எஃப்.ஏ. கூட பாஸ் பண்ணவில்லை என்பதை மறைக்க முடியாது. அதைச் சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிக்க வேண்டும்.

இவ்வளவு திறமையைத் தாலுகா ஆபீசில் போட்டு நசுக்க ராமசாமி ஐயருக்கு மனம் வரவில்லை. சென்னையில் இருந்த நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போய்ச் சேர்ந்தார். அவர் முதலில் நம்பவில்லை. ராமானுஜன் திரும்பிப் போய் நின்றார். கடைசியில் மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து தர ஏற்பாடு செய்தார் அந்த நல்ல மனுஷன். 1911-ல் முதல் கட்டுரை அச்சானது. 1912 மார்ச் 1-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க்.

அந்த வேலையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். காலையில் ஆபீஸ், மாலையில் வீடு என்று ஒரு ஒழுங்கு வந்தது. மானேஜர் நாராயண ஐயரும் கணக்குத் தெரிந்தவர். இருவரும் இரவில் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். ராமானுஜன் நாலு படி தாவிப் போனால், நடுவில் உள்ளதை எழுதும்படி இவர் பிடித்து நிறுத்துவார். பழக்கம் போய்விடவில்லை. சிலேட்டு அதேதான், அழிக்கிற முழங்கையும் அதேதான். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான். அந்த நாட்களில்தான், 1913 ஜனவரி 16 அன்று, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அந்தப் புகழ்பெற்ற கடிதம் போனது. அதற்கு முன் வேறு இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதிப் பயனில்லாமல் போயிருந்தது.

1914 மார்ச்சில் கப்பலேறினார். பிறகு நடந்த சாதனைகள் உங்களுக்குத் தெரியும். ஆனால் பழைய பேய் அங்கேயும் வந்தது நண்பர்களே! விடாமல் ஒரு நாள் முழுக்க, சில சமயம் முப்பது மணி நேரம் வேலை. பிறகு அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். சமையல் தன் கையால், அதுவும் நினைத்தால்தான். யுத்த காலத்தில் காய்கறிக்கும் பஞ்சம். ஒருமுறை நண்பர் சாட்டர்ஜியையும் அவருக்கு நிச்சயித்த பெண்ணையும் இன்னொரு பெண்ணையும் சாப்பிட அழைத்தார். ரசம் ஊற்றினார், மறுபடி ஊற்றினார். மூன்றாம் முறை அந்தப் பெண்கள் போதும் என்றார்கள். சற்று நேரத்தில் ஆளைக் காணோம்! டாக்ஸி பிடித்துப் போய்விட்டார். சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஐந்து பவுன் அனுப்பச் சொல்லித் தந்தி வந்தது. 17 வயதில் விசாகப்பட்டினம், இப்போது ஆக்ஸ்ஃபோர்டு. ஜெயித்தவனையும் அந்தப் பழக்கம் தேடி வந்து கூப்பிடுகிறது.

கேம்பிரிட்ஜில் ஹார்டி இருந்தார். கணக்கில் அவரைப் போல் துணை கிடைக்காது. சாப்பிட்டாயா, தூங்கினாயா, வீட்டிலிருந்து கடிதம் வந்ததா என்று கேட்கிற சுபாவம் அவருக்கு இல்லை. நாராயண ஐயர் அங்கே இல்லை. 1917-ல் உடம்பு கெட்டது. ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி. டாக்டர்களோடும் சாப்பாட்டோடும் சண்டை. 1918 ஆரம்பத்தில் லண்டன் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தார். பணியாள் ஒருவர் பார்த்து ரயிலை நிறுத்தியதால் பிழைத்தார். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. அதே வருஷம்தான் ராயல் சொசைட்டி ஃபெலோ ஆனார்; அக்டோபரில் டிரினிட்டி கல்லூரி ஃபெலோவும் ஆனார். அந்த ஒரு நிமிஷத்தைத் தாண்டி உயிரோடு இருந்ததால்தானே இதெல்லாம் அவர் கைக்கு வந்தது?

1919 ஜனவரியில், நோயாளியாக இங்கிலாந்தில் இருந்தபோதே, சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்குத் தரப்போகும் பணத்தில் பெற்றோருக்கும் தன் செலவுக்கும் போக மீதியை ஏழை, அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் கொடுக்கச் சொன்னார். 32 ரூபாய் இல்லாமல் ஓடிப்போன பையன் எழுதிய கடிதம் அது. 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. கடைசி வரை கணக்குத்தான். அந்த வருஷம் எழுதிய தாள்கள் 1976-ல் டிரினிட்டி நூலகத்தில் அகப்பட்டு உலகத்தையே அசத்தின.

அன்று நூலகம் மூடுகிற நேரம் வரை உட்கார்ந்திருந்தேன். மறுநாள் என் பழைய கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு லெக்சரர் முன்னால் போய் நின்றேன். எத்தனை நாள் வரவில்லை, எங்கே போனேன், எல்லாம் சொன்னேன். கால் நடுங்கியது நிஜம். அவர் திட்டவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே திட்டினார். பிறகு தினமும் அரை மணி நேரம் தன் டேபிள் பக்கத்தில் உட்கார வைத்தார்.

இரண்டு அரியர் முடிந்துவிட்டது. மூன்றாவதுக்குப் படிக்கும்போது நடுவில் நாலு நாள் மறுபடி அரிக்கமேடு போனேன். அதையும் போய்ச் சொன்னேன். இப்போது தேர்வு அட்டவணை அம்மா கையில். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தேதி மட்டும் தெரியும். அரிசி டிரம் மேலே ஒட்டி வைத்து, விடிந்தால் ஒவ்வொரு தேதியாக அடித்துக்கொண்டு வருகிறார்கள்.